சொல் வரும்வரை நின்ற ஊர்

சேந்தன்கோட்டைப் புத்தகத் திருவிழாவில் தையல்கார வடிவு மேடையேறிப் பேசப்போகிறாள் என்று அழைப்பிதழில் அச்சாகி வந்தபோது, ஊரில் சந்தோஷப்பட்டவர்களைவிட உச்சுக்கொட்டியவர்கள்தான் அதிகம். அவள் எழுதிய நாவல் எங்கெங்கோ பரிசு வாங்கியதும், முன்பின் தெரியாத ஊர்களிலிருந்து ஆட்கள் தேடி வந்து அவளைத் தையல் மிஷினோடு சேர்த்துப் படம் எடுத்துக்கொண்டு போனதும் ஊருக்குப் பெருமைதான். ஆனால் எழுதுவது வேறு, பேசுவது வேறு, அதிலும் வடிவு பேசுவது என்பது யாரும் கனவிலும் நினைக்காத வேறு. அவளுக்குத் திக்குவாய். அவளுடைய நாவலில் வரும் பெண்கள் மூச்சுவிடாமல் பேசுவார்கள், ஏசுவார்கள், எதிராளியின் வாயை அடைப்பார்கள். அவர்களைப் படைத்தவளோ ஓட்டலுக்குப் போனால் தோசை என்ற சொல் வராமல் இட்லியைத் தின்றுவிட்டு எழுந்து வருவாள். வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டிருப்பவளிடம் யாரும் பேச்சுக் கொடுக்கமாட்டார்கள் என்பதற்காகவே சின்ன வயதில் தையல் படித்தவள் அவள்.

அவள் கணவர் ஆவுடையப்பன் இதற்கு நேர் எதிர். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர், வாய் ஓயாதவர். அவளை முதன்முதலில் பார்த்ததே டிக்கெட் கொடுக்கும்போதுதான். இறங்க வேண்டிய ஊரின் பெயர் வராமல் கழுத்து நரம்பு புடைக்க அவள் நின்றபோது பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள், அவர் மட்டும் சிரிக்காமல் "சேந்தன்கோட்டைதான?" என்று கேட்டு டிக்கெட்டைக் கிழித்து அவள் கையில் வைத்தார். அந்த இடத்திலேயே அவளுக்கு அவரைப் பிடித்துப்போனது. அன்று தொடங்கியவர் பிறகு நிறுத்தவே இல்லை. கடையில், கல்யாண வீட்டில், ஆஸ்பத்திரியில் என்று எங்கே அவள் முதல் எழுத்தைப் பிடித்துக்கொண்டு தத்தளித்தாலும் மீதி எழுத்துகளை அவர் போட்டுக் கொடுத்துவிடுவார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். சரியாக இல்லாதபோதும் அவள் தலையாட்டிவிடுவாள். இல்லை என்று மறுக்க இன்னொரு சொல் வேண்டுமே.

விழாக் குழுச் செயலாளர் மகரபூஷணம் அழைக்க வந்த அன்று ஆவுடையப்பன் வீட்டில் இல்லை. ரிட்டையர் ஆன பிறகு ஆற்றுக்கு அந்தப் பக்கம் தென்கரையில் ஒரு பார்சல் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்திருந்தார், காலையில் போனால் பொழுது சாயத்தான் வருவார். அதனால் வடிவுக்காகப் பதில் சொல்ல ஆள் இல்லை. அவளே தலையை அசைத்தாள், அதுவும் பெரிதாக. ஏன் அசைத்தோம் என்று மகரபூஷணம் போன பிறகு யோசித்தபோதும் அவளுக்கு வருத்தமாக இல்லை. வாழ்நாளில் ஒரே ஒரு முறை, நாலு பேர் முன்னால் எழுந்து நின்று, ஒரு வாக்கியத்தின் முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல்வரை யாருடைய கையையும் பிடிக்காமல் போய்ச் சேர வேண்டும். அவளுக்கு வேண்டியதெல்லாம் அது ஒன்றுதான்.

மறுநாள் மதியம், சோற்றுப் பானைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத் தெருவே கண்ணயர்ந்திருந்த வேளையில், அளவு கொடுக்க வருகிறவர்களுக்காக மாட்டியிருந்த ஆளுயரக் கண்ணாடி முன்னால் வடிவு போய் நின்றாள். எல்லா மேடைப் பேச்சும் தொடங்குகிற இடத்திலிருந்தே தொடங்குவோம் என்று "மதிப்பிற்குரிய" என்று சொல்லப் போனாள். 'ம்' என்பதிலேயே உதடு ஒட்டிக்கொண்டது. வழக்கமாக என்றால் இந்த இடத்தில் யாராவது முடித்துக்கொடுப்பார்கள், அல்லது அவளே அந்தச் சொல்லை விழுங்கிவிட்டு வாயில் வரக்கூடிய வேறொரு சொல்லைத் தேடிப் போவாள். அன்று முடித்துக்கொடுக்க யாரும் இல்லை, விழுங்க அவளுக்கு மனமும் இல்லை. கண்ணாடிக்குள் இருந்தவளை வைத்த கண் வாங்காமல் பார்த்தபடி, ம்ம்ம் என்று அந்த எழுத்தைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

அப்போது ஊர் நின்றது.

டீக்கடையில் பொன்னுச்சாமி தூக்கி ஆற்றிய டீ ஒரு குவளைக்கும் இன்னொரு குவளைக்கும் நடுவே பழுப்பு நாடாவாகத் தொங்கியபடி நின்றது, தெருக்குழாயிலிருந்து குடத்துக்கு விழுந்த தண்ணீர் விழாமல் நின்றது, மின்கம்பத்திலிருந்து கிளம்பிய காக்கை கம்பிக்கு ஒரு சாண் மேலே இறக்கையை விரித்தபடி நின்றது, பள்ளிக்கூடத்து மைதானத்தில் எம்பிக் குதித்த பிள்ளைகள் தரைக்கு வராமல் நின்றார்கள், பஸ் ஸ்டாண்டில் ரிவர்ஸில் வந்த பஸ்ஸும் அதைத் தட்டித் தட்டி வழிகாட்டிய கையும் நின்றன, வேப்பமரத்திலிருந்து உதிர்ந்த பூக்கள் உதிர்ந்த இடத்திலேயே காற்றில் நின்றன. யாருக்கும் வலி இல்லை, மூச்சு முட்டவில்லை, பயமும் இல்லை. கண் தெரிந்தது, காது கேட்டது, உடம்புதான் அசையவில்லை. ஊர் முழுக்க ஒரே ஒரு சத்தம்தான் கேட்டது, தெருத்தெருவாக, அடுக்களை அடுக்களையாக, தண்டவாளத்தில் தூரத்து ரயில் வருவதுபோல ஒரு 'ம்'. அது யாருடைய 'ம்' என்று சேந்தன்கோட்டையில் தெரியாதவர் இல்லை. முடித்துக்கொடுக்க ஊரில் அத்தனை வாய்கள் இருந்தும் ஒரு வாயும் திறக்க முடியாமல், எல்லாரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். பிறகு '-திப்பிற்குரிய' என்று மீதிச் சொல் வந்தது, டீ குவளையில் விழுந்தது, பிள்ளைகள் தரைக்கு வந்தார்கள்.

வடிவுக்கு இதொன்றும் தெரியாது. ஒரு முழுச் சொல்லைத் தானாகச் சொல்லி முடித்த சந்தோஷத்தில் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டாள். சாயங்காலம் நூல்கண்டு வாங்கப் போனபோது பொன்னுச்சாமிதான் கடையிலிருந்தபடியே சொன்னான்.

"மயினி, இன்னைக்கு 'ம'வுல நல்ல நேரம் நின்னுட்டியளே. நிக்கும்போது டீ ஆறவே இல்ல பாத்துக்கிடுங்க. ஊத்தும்போது இருந்த சூடு அப்படியே இருந்திச்சி."

அவன் மழை பெய்ததைச் சொல்வதுபோலச் சொன்னான். அவளும் தலையை அசைத்துவிட்டு வந்தாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் நூல்கண்டை வாங்காமலே திரும்பிவிட்டது தெரிந்தது.

அடுத்தடுத்த நாட்களில் ஊர் இதற்குப் பழகிக்கொண்டது. வடிவு ஒத்திகை பார்க்கிற மதிய வேளைக்கு வடிவு நேரம் என்று பெயர் வந்தது. அந்த நேரம் நெருங்கினால் சலூனில் சவரக்கத்தியைக் கன்னத்திலிருந்து எடுத்துவிடுவார்கள், தாய்மார்கள் இடுப்புப் பிள்ளையை இறக்கி மடியில் போட்டுக்கொண்டு சாய்ந்து உட்காருவார்கள். தென்கரையிலிருந்து வரும் பஸ்கள் பாலத்துக்கு அந்தப் பக்கமே ஓரம் கட்டிக்கொள்ளும், ஏனென்றால் பாலம் தாண்டினால்தான் நிற்பது, அதற்கு அப்பால் இல்லை. பள்ளிப் பிள்ளைகள் அந்தரத்தில் நிற்க வேண்டும் என்பதற்காகவே மதியம் முழுக்கக் குதித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வீட்டில் பெண் பார்க்கும் சடங்கையே வடிவு நேரத்துக்கு மாற்றி வைத்தார்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் ஓரக்கண்ணால் திருட வேண்டியதில்லாமல், நேருக்கு நேர், ஒரு சொல் வந்து சேரும்வரை பார்த்துக்கொள்ளலாம் அல்லவா. சண்டைக்குப் பாய்ந்த அண்ணன் தம்பி இரண்டு பேர் ஓங்கிய கையோடு நின்றுபோய், 'நன்றி' என்ற சொல் முடியும்வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதாகி, ஊர் மறுபடி ஓடத் தொடங்கியபோது ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் தலையைச் சொறிந்துகொண்டு பிரிந்து போனார்கள். நிற்பது என்றால் என்ன என்று அந்த ஊருக்கு அதுவரை தெரியாது. ஓடுகிற அவசரத்தில் கண்ணில் படாமல் போனதெல்லாம் இப்போது கண்ணில் பட்டது, தெருவில் எல்லாரும் கொஞ்சம் மெதுவாக நடந்தார்கள்.

இதில் ஒரு தடவைகூட நிற்காத ஒரே சேந்தன்கோட்டைக்காரர் ஆவுடையப்பன்தான். வடிவு நேரத்தில் அவர் தென்கரையில் பார்சலுக்கு முத்திரை குத்திக்கொண்டிருப்பார். ஊர் சொன்னதை அவர் முதலில் கேலி என்று நினைத்தார், பிறகு கேலி இல்லை என்று தெரிந்ததும் கலங்கிப்போனார்.

"ஊரே கேக்கும்படியா திக்கிக்கிட்டா நின்ன?" என்று மனைவியிடம் கேட்டார். "நான் இத்தனை வருசமா ஒருத்தர் காதுலயும் விழுந்திரக் கூடாதுன்னு பாத்துப் பாத்து முடிச்சிக் குடுக்கேன். நீ வாசல்ல வச்சி வித்திருக்க."

வடிவு பதில் சொல்ல வாயெடுத்தாள். அவர் அவளுக்காக, "சரி சரி, வேணும்னு செய்யல, தெரியும்" என்று முடித்துவிட்டு மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு குளிக்கப் போனார்.

விழாவுக்கு நாலைந்து நாள் இருக்கும்போது மகரபூஷணம் மைக் செட் ஜெபமணியையும் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். மகரபூஷணம் பொன்னாடை போர்த்தியும் போர்த்திக்கொண்டும் பழகிய உடம்பு, எந்தக் கவலையையும் வரவேற்புரைபோலவே தொடங்குவார். அன்று ஜெபமணி அவரை முந்திக்கொண்டான்.

"வெறும் வாயால சொன்னதுக்கே ஆத்துப் பாலம் வரைக்கும் நிக்கி அண்ணாச்சி," என்றான் ஆவுடையப்பனைப் பார்த்து. "மைதானத்துல எட்டு ஸ்பீக்கர் பாக்ஸ், தெரு நெடுக கொழாய் ஸ்பீக்கர் கெட்டியிருக்கேன். அதுல போட்டா எம்புட்டு தூரம் நிக்கும்னு நான் சொல்ல முடியாது. நின்னது திருப்பி ஓடும்னும் சொல்ல முடியாது."

"கலெக்டர் வாறாங்க," என்றார் மகரபூஷணம். "கலெக்டர் பாட்டுக்கு கொட்டாவி விட்டபடி நின்னு போனா யாரு பதில் சொல்லுதது? அதனால அம்மா மேடையில உக்காந்திருந்தா போதும், பொன்னாடை உண்டு, நினைவுப் பரிசு உண்டு. உரைய மட்டும் அண்ணாச்சி வாசிச்சிரட்டும்."

வடிவு தையல் மிஷினை விட்டு எழுந்துவிட்டாள். "நா... நா..." என்றாள்.

"நானும் அதத்தான் நெனச்சேன்னு சொல்லுதா," என்றார் ஆவுடையப்பன்.

நானே பேசுகிறேன் என்பதைத்தான் அவள் சொல்ல வந்தாள். மூன்று ஆண்களும் நிம்மதியாக அவளைப் பார்த்துப் புன்னகை செய்தார்கள். அவள் உட்கார்ந்து, வாயில் இரண்டு குண்டூசியைக் கவ்விக்கொண்டாள். தன்னுடைய நெஞ்சிலும் ஓர் ஓரத்தில் நிம்மதி எட்டிப் பார்ப்பதைக் கண்டபோது அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

ஆவுடையப்பன் பார்சல் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு வீட்டிலேயே ஒத்திகையில் இறங்கினார். உரையை இரண்டே நாளில் நெட்டுருப் போட்டுவிட்டார். என்ன சொன்னாலும் கணீர் குரல். ஆனால் வடிவு இரவெல்லாம் விழித்து எழுதிய வாக்கியங்கள் அவர் வாயில் ஒன்றன் பின் ஒன்றாக ஏறி, இடம் பிடித்து, இறங்கிப் போய்க்கொண்டிருந்தன, ஒரு இடத்திலும் கால் ஊன்றி நிற்கவில்லை. வடிவு நேரம் வந்தது, போனது. சலூனில் கத்தியை எடுத்துவிட்டுக் காத்திருந்து பார்த்தார்கள். பிள்ளைகள் குதித்துக் குதித்துத் தரைக்கே வந்தார்கள். ஊருக்கு என்னவோபோல் ஆனது, வாய்வரை வந்த தும்மல் போடாமல் போனதுபோல.

மூன்றாம் நாள் மதியம் அவர் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தது தெரிந்து, வடிவு சத்தம் காட்டாமல் கண்ணாடி முன்னால் போய் நின்றாள். பேச்சின் நடுவில் அவளுக்கு மிகவும் பிடித்த ஒரு வரி இருந்தது, அதில் 'மௌனம்' என்று ஒரு சொல். அதைத் தொடங்கினாள். 'ம்' என்று உதடு ஒட்டியது. ஊர் மெல்ல வேகம் குறைந்து, டீயும் தண்ணீரும் தயங்கி, காக்கையின் இறக்கை மந்தமாகி, இதோ நிற்கப்போகிறது என்ற அந்தக் கணத்தில், அரைத் தூக்கத்திலிருந்த ஆவுடையப்பன் கண்ணைக்கூடத் திறக்காமல், பழக்கத்தில், "மௌனம்" என்றார்.

நின்றும் நிற்காத ஊர் திடுக்கென்று ஓடியது. ஆள் ஏறுவதற்கு முன்பே டபுள் விசில் கொடுத்த பஸ்ஸைப்போல ஊர் முழுவதும் ஒரு குலுக்கல். பொன்னுச்சாமியின் டீ கையில் கொட்டியது, குழாயடியில் குடங்கள் உருண்டன, குதித்த பிள்ளைகள் முட்டியைச் சிராய்த்துக்கொண்டார்கள். சாயங்காலம் டீக்கடைக்குப் போன ஆவுடையப்பனை யாரும் வாங்க என்று சொல்லவில்லை.

"ஏன் வே முடிச்சீரு?" என்று கேட்டான் பொன்னுச்சாமி, வெந்த கையில் எண்ணெய் தடவிக்கொண்டே. "அவிய சொல்லுத வரைக்கும் ஒமக்கு இருக்க முடியாதோ?"

"முப்பது வருசமா முடிச்சிக் குடுக்கேன்," என்றார் ஆவுடையப்பன். "அப்பல்லாம் ஒருத்தரும் ஒண்ணும் கேக்கலயே."

"அப்ப எங்களுக்குத் தெரியாதுல்லா," என்றான் பொன்னுச்சாமி.

அவர் டீ குடிக்காமல் திரும்பி வந்தார். முகம் சுண்டிப்போயிருந்தது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையை எடுத்து மறுபடியும் இஸ்திரி போட்டார்.

விழா அன்று காலையில் பூக்காரி மாடத்தி ஒரு ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். கை இறக்கம் கூடுதல் என்றாள், கூடுதல் இல்லை என்பது இரண்டு பேருக்குமே தெரியும். ஆவுடையப்பன் மைதானத்தில் மைக் பார்க்கப் போயிருந்தார். மாடத்தி மிஷின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எம் மக எங்கூட பேச மாட்டா, ஒனக்குத் தெரியும்லாக்கா," என்றாள். "எதிர்த்தாப்புல வந்தா மொகத்தத் திருப்பிக்கிட்டு போயிருவா. அன்னைக்கு நீ 'ம'வுல நின்னப்ப அவ என் கடைய தாண்டிப் போய்க்கிட்டிருந்தா. மொகத்தத் திருப்புததுக்கு முன்னால நின்னுட்டா. எனக்கு நேரா."

வடிவு வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்தாள்.

"அவ தலையில நரை விழுந்திருக்கு. காதுக்குப் பக்கத்துல. நான் பாக்கவே இல்ல இத்தன நாளும். அவளும் என்னையப் பாத்துக்கிட்டேதான் நின்னா, கண்ணு கலங்கிட்டு, ஆனா தொடைக்க முடியாதுல்லா, அப்படியே நின்னிச்சி. அதுக்கப்பறம் தெனமும் அந்த நேரத்துக்கு என் கடைய தாண்டிப் போவா. எதுக்குன்னு நான் கேக்கல, அவளும் சொல்லல." மாடத்தி ஜாக்கெட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "ஒனக்கு அது கஷ்டம்னு தெரியும்க்கா. ஆனா நீ சீக்கிரம் முடிச்சிராத, என்ன."

அவள் போன பிறகு வடிவு வெகுநேரம் மிதியில் கால் வைத்தபடி மிதிக்காமல் உட்கார்ந்திருந்தாள். பிறந்ததிலிருந்து அடுத்தவர் நேரத்தைத் தின்கிறோம் என்று கூசிக் கூசியே வளர்ந்தவள் அவள். தொண்டைக்குள் மாட்டிக்கொண்ட சொல் ஊருக்கு ஒரு கொடையாக இருக்கக்கூடும் என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. அவள் அழுதாள், பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, பட்டுப் புடவையை எடுத்து உதறினாள்.

அன்று மாலை மைதானம் கொள்ளாத கூட்டம். வந்தவர்கள் எல்லாரும் நின்றுபோவதற்குத் தோதாக வந்திருந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுச் சம்மணம் போட்டும், சுவரோரம் முதுகைச் சாய்த்தும், பிள்ளைகளைப் படுக்க வைத்தும், பிரிந்திருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்க்கிற மாதிரி இடம் பார்த்தும் உட்கார்ந்திருந்தார்கள். கலெக்டர் வந்தார். பொன்னாடைகள் ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்குப் போயின. மகரபூஷணம் வரவேற்று முடித்துவிட்டு, எழுத்தாளர் வடிவின் உரையை அவருடைய கணவர் வாசிப்பார் என்று அறிவித்தார். யாரும் கை தட்டவில்லை.

ஆவுடையப்பன் மைக் முன்னால் வந்து தாளைப் பிரித்தார். "மதிப்பிற்குரிய" என்று ஒரே மூச்சில் தங்குதடையில்லாமல் சொல்லி நிமிர்ந்து பார்த்தார். ஆயிரம் முகங்கள் இருந்தன, ஒன்றுகூட அவரைப் பார்க்கவில்லை. எல்லாம் அவருக்குப் பின்னால் பார்த்தன. அவர் திரும்பியபோது வடிவு நாற்காலியை விட்டு எழுந்து பக்கத்தில் வந்து நின்றிருந்தாள்.

"என்ன, தண்ணி வேணுமா?" என்று கேட்டார் மெதுவாக.

அவள் இல்லை என்று தலையசைத்தாள். அவர் கையிலிருந்த தாளை வாங்கி, நான்காக மடித்து, அவருடைய சட்டைப்பையிலேயே வைத்தாள். அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் முகம் வெளிறிப்போய், "சிரிச்சிருவாவளே புள்ள" என்றார். மைக் அதையும் வாங்கி ஊருக்குச் சொன்னது. யாரும் சிரிக்கவில்லை. அவர் படியில் இறங்கி முன்வரிசையில் ஒரு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார், உதடுகளைத் தயாராக வைத்துக்கொண்டார். உரை முழுக்க அவருக்கு மனப்பாடம். எந்தச் சொல்லில் அவள் இடறினாலும் கீழேயிருந்தே எடுத்துக் கொடுத்துவிடலாம்.

அது வடிவுக்கும் தெரியும். அதனால் தாளில் இல்லாத ஒரு சொல்லிலிருந்து தொடங்கினாள். அந்தப் பக்கத்துப் பெண்கள் கட்டியவர் பெயரைச் சொல்வதில்லை. அவளும் கல்யாணமான நாளிலிருந்து என்னங்க என்பதோடு சரி. மேடையில் இருக்கிற கலெக்டரையும் மகரபூஷணத்தையும் விளிப்பதற்கு முன்னால் விளிக்க வேண்டியவர் ஒருவர் இருக்கிறார் என்று அவளுக்குத் தோன்றியது. வாயைத் திறந்தாள். "ஆ..." என்று வந்தது, அதற்கு மேல் வரவில்லை.

ஆவுடையப்பன் மனதுக்குள் தாளைப் புரட்டினார். ஆட்சியரா, ஆசிரியரா, ஆற்றங்கரையா. முதல் பக்கத்தில் 'ஆ' எங்கேயும் இல்லையே என்று அவர் வாயைத் திறந்தபடி தேடிக்கொண்டிருக்கும்போதே, எல்லாம் நின்றுவிட்டது.

மைதானம் நின்றது, தெரு நின்றது, பாலம் நின்றது, எட்டு பாக்ஸிலும் தெருவில் கட்டிய குழாய் ஸ்பீக்கர்களிலும் புறப்பட்ட அந்த 'ஆ' பாலத்தோடு நில்லாமல் ஆற்றைத் தாண்டிப் போய், பாலத்தடியில் புரண்ட தண்ணீர் புரண்டபடி நின்றது, தென்கரையில் பார்சல் மூட்டைகள் கைக்கும் லாரிக்கும் நடுவே நின்றன, அதற்கும் அப்பால் வயல்களில் கதிர்கள் காற்றுக்குச் சாய்ந்தபடி நின்றன, அதற்கும் அப்பால் தெரியாத ஊர்களில் உலைகள் கொதித்த குமிழோடு நின்றன, கடற்கரையில் எழுந்த அலை உடையாமல் பச்சைக் கண்ணாடியாக நின்றது, அதற்குள் மீன்கள் நின்றன, மேற்கே இறங்கிக்கொண்டிருந்த சூரியனும் இறங்காமல் நின்றது. அவ்வளவு பெரிய உலகத்தில் ஒரு பெண்ணின் குரல் மட்டும், ஒற்றை எழுத்தாக, நீண்டுகொண்டே இருந்தது.

வடிவு இம்முறை கண்ணாடியை அல்ல, முகங்களைப் பார்த்தாள். திக்கும்போது தன்னைப் பார்க்கிறவர்களை அவள் இதுவரை பார்த்ததே இல்லை; அவர்கள் கூச்சத்தில் பார்வையைத் திருப்பிக்கொள்வார்கள், அதற்கு முன்பே அவள் தலை குனிந்துகொள்வாள். இன்று யாராலும் திருப்பிக்கொள்ள முடியவில்லை. கலெக்டர் இருந்தார், பொன்னுச்சாமி இருந்தான், மாடத்தியும், அவளுக்கு எதிரே சற்றுத் தள்ளி அவள் மகளும் இருந்தார்கள். ஒரு முகத்திலும் சிரிப்பு இல்லை, பரிதாபமும் இல்லை. மழைக்கு ஒதுங்கியவர்கள் மழையைப் பார்ப்பதுபோல எல்லாரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தான் இத்தனை காலம் பயந்தது இந்த முகங்களுக்கா என்று அவளுக்கு வியப்பாக இருந்தது.

பிறகு முன்வரிசையைப் பார்த்தாள். ஆவுடையப்பன் வாயைத் திறந்தபடி, பாதி எழுந்தபடி நின்றுபோயிருந்தார், ஒரு கை அவளை நோக்கி நீண்டிருந்தது. முதல் நாள் பஸ்ஸில் பார்த்த முகம்தான். அதில் அன்று பார்த்தது இரக்கம் என்றே அவள் நினைத்திருந்தாள். இன்றுதான் நின்று பார்க்க நேரம் கிடைத்தது. அது பயம். அவள் சொல் வராமல் தவிப்பதை ஒரு கணம்கூடத் தாங்க முடியாத பயம், அவளுடைய பயத்தைவிடப் பெரியது. அந்தப் பயத்தோடு அவர் இப்போது எங்கேயும் ஓட முடியாமல், எதையும் முடித்துவைக்க முடியாமல், வெறுமனே கேட்டுக்கொண்டு நின்றார். அவள் அந்த எழுத்தை விடாமல் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தாள். கொஞ்சம் கொஞ்சமாக அவர் கண்களிலிருந்து பயம் இறங்கியது, முழுவதும் இறங்கி முடிந்தது, அவர் அவளைப் பார்த்தார். அந்தச் சொல் எப்போதோ இளகி அவள் நாக்கில் வந்து உட்கார்ந்திருந்தது. அவள் இன்னும் சற்று நேரம் அதைச் சொல்லாமல் வைத்திருந்தாள்.

"...வுடையப்பன் அவர்களே," என்றாள்.

உலகம் ஓடத் தொடங்கியது. கூட்டத்தில் பெருமூச்சு எழுந்தது. ஆவுடையப்பன் திறந்த வாயை மூடி, நீட்டிய கையைப் பார்த்து, அதை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். முகம் நனைந்திருந்தது.

வடிவு அடுத்த சொல்லுக்குப் போனாள், 'ம்' என்று உதடு ஒட்டியது. ஊர் நிற்பதற்குள், மேடையில் பக்கத்து நாற்காலியிலிருந்த மகரபூஷணம், அந்தச் சொல் தனக்குத் தெரியும் என்ற உற்சாகத்தில், எடுத்துக் கொடுக்கலாம் என்று மைக் பக்கம் சாய்ந்தார். கீழேயிருந்து ஆவுடையப்பன், நீட்டிய கையை அப்படியே உயர்த்தி, பஸ்ஸை நிறுத்துவதுபோல அவரைப் பார்த்துக் காட்டினார்.

"நீரு சும்மா இரும் வே," என்றார். "அவ சொல்லுவா."

சொல்லிவிட்டு நாற்காலியில் நன்றாகப் பின்னால் சரிந்து உட்கார்ந்து, மேல்துண்டைச் சரிசெய்து, மற்ற எல்லாரையும்போல அவரும் தோதாகக் காலை நீட்டிக்கொண்டார். ஊர் நின்றது.